ஏறுவது வேறு, ஏற்றுவது வேறு

அந்த வீடியோவை இதுவரை பதினாலு பேர் எனக்கே அனுப்பிவிட்டார்கள். "அக்கா, இது நீங்கதானே?" ஆமாம், நானேதான். எங்கள் சினகாக் (யூத வழிபாட்டுக் கூடம்) நேரலையில் இரண்டு ஆண்கள் ஒரு வீல்சேரைப் பல்லக்கு மாதிரி தூக்கிக்கொண்டு மேடை ஏறுகிறார்களே, பல்லக்கில் இருப்பது நான். சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்டால் நான் இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்வதும் கேட்கும். இங்கிலீஷில்தான் சொன்னேன், அவர்களுக்குப் புரியாமல் போக வழியில்லை.

"மனிதம் இன்னும் சாகவில்லை" என்று தலைப்பு போட்டு அதைப் பகிர்ந்த நண்பருக்கு நன்றி. மனிதம் சாகவில்லை சரி, அந்த நாற்காலியில் ஒரு மனுஷி இருந்தாளே, அவளிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? அதைத்தான் சொல்ல வந்தேன். வேறு ஒன்றும் இல்லை. கேளுங்கள். தூக்குவதற்கு முன்னால் கேளுங்கள்.

புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாக. சனிக்கிழமை ஆராதனையில் யூத வேதமான தோராச் சுருளை விரித்து வாசிக்கும்போது சபையில் இருப்பவர்களைப் பேர் சொல்லி மேடைக்கு அழைப்பார்கள். போய் நின்று, வாசிப்புக்கு முன்னும் பின்னும் ஆசி வாக்கியம் சொல்ல வேண்டும். இதற்கு அலியா என்று பெயர். எபிரேயத்தில் அந்தச் சொல்லுக்கே 'ஏறுதல்' என்றுதான் அர்த்தம். மேடையை பீமா என்பார்கள் (நம்ம பீமன் இல்லை). எங்கள் பீமாவுக்கு மூன்று படி. என் மாமியாரின் நினைவு நாள் அந்த வாரம் வந்ததால் எனக்கும் என் கணவருக்கும் சேர்த்து அலியா கொடுத்திருந்தார்கள். மதம் மாறிப் பதினாறு வருஷத்தில் எனக்கு இது முதல் அலியா. ஏன் முதல் என்று கேட்காதீர்கள், அந்த மூன்று படிதான் காரணம்.

என்ன பேச்சு நடந்திருந்தது தெரியுமா? சுருள் வைக்கும் மேசையைக் கீழே தரையில் போட்டுவிடலாம், அன்றைக்கு எல்லோருமே கீழே நின்று வாசிக்கலாம் என்று மூன்று வாரம் முன்னாலேயே கமிட்டிக்கு எழுதினேன். பதில் எனக்கு வரவில்லை, என் கணவருக்கு வந்தது. "உங்கள் மனைவிக்குத் தேவையான உதவியை ஏற்பாடு செய்கிறோம்" என்று. கடிதம் எழுதியது மனைவி, பதில் போவது கணவருக்கு. எனக்குப் போலியோ காலில்தான் வந்தது, கையெழுத்துக்கு வரவில்லை.

இத்தனைக்கும் இது பிப்ரவரி. அமெரிக்க யூதச் சமூகங்களில் 2009லிருந்து பிப்ரவரியை மாற்றுத்திறனாளிகளை உள்ளடக்கும் மாதமாகக் கொண்டாடுகிறார்கள். எங்கள் வாசலிலும் நீலக் கலரில் பேனர் தொங்குகிறது. அன்றைக்கு மதியம் இது பற்றிக் கலந்துரையாடல் வேறு இருந்தது. நாலு பேர் பேசினார்கள், நாலு பேரும் நடந்து வந்து உட்கார்ந்தவர்கள். ஒருவர் மனநல ஆலோசகர், ஒருவர் கட்டடக் கலைஞர், மற்ற இரண்டு பேர் எதற்கு என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன், போட்டோவுக்கு நல்லா இருக்கும் என்று உட்காரவைத்தார்கள்.

சரி, இப்போது வந்த கருத்துகளுக்கு வருகிறேன்.

"நல்ல எண்ணத்தில்தானே செய்தார்கள், நன்றி கெட்டத்தனமாக எழுதலாமா?" இதைத்தான் அதிகம் பேர் கேட்டிருக்கிறீர்கள், அதிகம் வலித்ததும் இதுதான். நன்றி சொல்லிச் சொல்லியே என் பாதி ஆயுள் போய்விட்டது. ஒரு கதை சொல்கிறேன். ஏழாம் வகுப்பில் என் வகுப்பறை மாடிக்குப் போய்விட்டது. இருபத்திரண்டு படி. காலில் மாட்டிய காலிப்பரோடு (இரும்புத் தாங்கி) ஏற முடியாது. காலையில் அப்பா சைக்கிளில் கொண்டுவந்து கீழே இறக்கிவிட்டுப் போவார், பள்ளிக்கூட வாட்ச்மேன் அண்ணன்தான் மேலே தூக்கிப் போவார். பீடி வாசனை அடிக்கும். அந்த மனுஷன் அத்தனை வருஷமும், ஒரு நாள் விடாமல், கீழே குந்தி உட்கார்ந்து "பாப்பா, தூக்கவா?" என்று கேட்பார். தினமும் தூக்குகிறவர்தானே, கேட்க என்ன இருக்கிறது? இருந்தாலும் கேட்பார். பத்தாவது வந்த பிறகு சில நாள் நான் "வேணாம்ணே" என்பேன். எதற்கு என்று அவர் கேட்டதில்லை. போய் பெஞ்சு எடுத்து வந்து படிக்கட்டுக்குக் கீழே போட்டுவிட்டுப் போவார். எட்டாவது வரைக்கும் படித்த மனுஷன். எங்கள் கமிட்டியில் மூன்று பேர் முனைவர் பட்டம் வாங்கியவர்கள்.

ஒரு ஆண் உங்கள் நாற்காலியின் பின்னால் வந்து, சொல்லாமல், கையைக் கொடுத்துத் தூக்கினால் எப்படி இருக்கும் என்று நடக்கிறவர்கள் ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். கால் இரண்டும் காற்றில். நாற்காலி பின்பக்கம் சாய்கிறது. விழுந்தால் முதலில் அடிபடுவது என் தலை. மேலே கொண்டுபோய் வைத்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. மூன்று வாரம் குளியலறையில் பாடிப் பழகிய ஆசி வாக்கியத்தில் இரண்டாவது வரி மறந்துபோய்விட்டது. என் மாமியாருக்காகச் சொல்ல வேண்டிய வரி. அவர் உயிரோடு இருந்தவரை சமையலறையில் உப்பு ஜாடியை நகர்த்துவதென்றால்கூட "இங்க வச்சா உனக்கு எட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் நகர்த்துவார்.

"உங்க வீட்டுக்காரர் மேடையில் சும்மாதானே நின்றார்?" அது எங்கள் வீட்டு விஷயம். அதற்காக அவருக்கு மூன்று நாளாகத் தோசை கிடையாது.

"பட்ஜெட் இல்லை." மேசையை இறக்கப் பட்ஜெட் எதற்கு? சரிவுப்பாதையே கேட்டாலும், தையல் டேப்பை வைத்து நானே அளந்தேன். ஒரு படி ஏழு அங்குலம், மூன்று படிக்கு இருபத்தொன்று. அங்குலத்துக்கு ஓர் அடி நீளம் வேண்டும் என்பது இங்கே சட்டத்தின் கணக்கு, ஆக இருபத்தொரு அடி. ஓரமாகப் போட்டால் முன்வரிசை இரண்டு பெஞ்சை எடுக்க வேண்டும். அந்த பெஞ்சுகளில் நன்கொடை கொடுத்தவர்களின் பேர் பொறித்த பித்தளைத் தகடு இருக்கிறது. பட்ஜெட் எங்கே இடிக்கிறது என்று புரிகிறதா?

"வழக்குப் போட வேண்டியதுதானே, அமெரிக்காவில் இதற்கெல்லாம் சட்டம் இருக்கே?" இருக்கிறது. 1990இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். கடை, ஹோட்டல், தியேட்டர் எல்லாவற்றுக்கும் செல்லும், வழிபாட்டுத் தலங்களுக்கு மட்டும் அதில் விலக்கு. பர்கர் கடைக்குள் உரிமையோடு போவேன், கடவுள் வீட்டுக்குள் யார் தயவிலாவதுதான் போக வேண்டும்.

இத்தனைக்கும் யாருடைய வேதம் இது? மோசே தன்னைப் பற்றி என்ன சொன்னார்? திக்குவாயும் மந்தநாவும் உள்ளவன் என்று. அவரை மலைமேல் யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. குருடனுக்கு முன்னே தடுக்கல் வைக்காதே என்று லேவியராகமத்தில் எழுதியிருக்கிறது, எங்கள் மேடையில் வரிசையாக மூன்று தடுக்கல். எனக்கு ரொம்பப் பிடித்தது தல்மூதில் (யூத அறிஞர்களின் பழைய விளக்க நூல்) வருகிற ஒரு சின்ன விஷயம். இருட்டில் பார்வையில்லாத ஒருவர் கையில் தீப்பந்தத்தோடு போகிறார். ரபி யோசே என்ற யூத குரு, உனக்கு எதற்கப்பா பந்தம் என்கிறார். இது என் கையில் இருக்கும்வரை ஜனங்கள் என்னைப் பார்ப்பார்கள், பள்ளத்திலும் முள்ளிலும் விழாமல் காப்பாற்றுவார்கள் என்கிறார் அவர். எல்லோரும் பந்தத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். நான் பார்ப்பது, ரபி கேட்டார். அவர் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போகவில்லை. கேட்டார், பதிலும் கிடைத்தது.

ஜூடி ஹியூமனைப் பற்றிப் போன வருஷம் எழுதியிருந்தேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைக்காகப் போராடியவர், நியூயார்க்கின் புரூக்ளினில் வளர்ந்த யூதப் பெண், எனக்கு மாதிரியே ஒன்றரை வயதில் போலியோ. ஐந்து வயதில் பள்ளிக்கூடம் போனால், வீல்சேர் தீ விபத்து நேரத்தில் இடைஞ்சல் என்று திருப்பி அனுப்பினார்கள். 1970இல் ஆசிரியர் உரிமத்துக்காக நியூயார்க் கல்வி வாரியத்தின் மேலேயே வழக்குப் போட்டார். 1977இல் சான்பிரான்சிஸ்கோவில் அரசுக் கட்டடத்துக்குள் மூன்று வாரத்துக்கு மேல் போராட்டமாக உட்கார்ந்தவர்களில் முன்னால் நின்றவர் (நின்றவர் என்று எழுதிவிட்டேன், பரவாயில்லை). 2023 மார்ச்சில் இறந்தபோது எங்கள் சபையில் அவருக்காகக் கண்ணீரோடு உரையாற்றினார்கள். எங்கிருந்து? அந்தப் படிகளுக்கு மேலே இருந்து. ஜூடி வந்திருந்தாலும் பல்லக்குதான்.

இன்னும் இரண்டு பேர், "ஊர்க் கோயிலில் மட்டும் வாழுதாக்கும்" என்று கேட்டிருக்கிறார்கள். வாழவில்லை. அதனால்? யூதர்களைத் திட்டக் காத்திருக்கிறவர்களுக்கு இது தீனி ஆகிவிடாதா என்று ஒரு தோழி உள்பெட்டியில் கேட்டாள். அது நியாயமான பயம், எனக்கும் இருக்கிறது, வாசலில் போலீஸ் வண்டி நிற்கிற காலம் இது. பதிவின் கீழே அந்த வேலையைச் செய்ய வருகிறவர்களை உடனே தூக்கிவிடுவேன். கேட்காமலேதான் தூக்குவேன்.

ஆராதனை முடிந்ததும் காபி ஊற்றும் இடத்தில் எங்கள் சபைப் பெரியவர் ஒருவர் வாக்கரைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் வந்தார். எண்பது தாண்டியவர். நாலு வருஷமாக அலியாவுக்குக் கூப்பிட்டால் தொண்டை சரியில்லை என்று மறுத்துவிடுகிறவர். சுற்றிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "என் தொண்டைக்கு ஒன்றும் இல்லை."

நேற்று ராத்திரி கமிட்டிக்கு மறுபடி எழுதினேன். கீழே மேசை என்று ஒரே வரி. இந்தத் தடவை கையெழுத்து இரண்டு, என்னுடையதும் அந்தப் பெரியவருடையதும். பதிலை யாருக்கு அனுப்புகிறார்கள் என்று பார்ப்போம், அவருக்கும் ஒரு மனைவி இருக்கிறார்.