அட்டையின் வலிமை வேறு, அதன் விலை வேறு

டிஜிட்டல் அட்டை விளையாட்டுகளில் புதிய தொகுப்பு வெளியாகும்போதெல்லாம் ‘கட்டாயம் வாங்க வேண்டிய அட்டைகள்’ என்று பட்டியல்கள் வந்து குவிகின்றன. ஆட்டத்தை வெல்ல ஓர் அட்டை எவ்வளவு உதவும் என்ற கேள்வியையும், அதற்காக எவ்வளவு செலவிடலாம் என்ற கேள்வியையும் அவற்றில் பெரும்பாலானவை ஒன்றாகக் குழப்பி ஒரே வரிசையில் விடை சொல்லிவிடுகின்றன. முதல் கேள்விக்கான விடை அட்டையின் வாசகத்திலும் அது இடம்பெறும் டெக்கிலும் (ஆடுபவர் தேர்ந்து அடுக்கிய அட்டைக்கட்டு) இருக்கிறது. இரண்டாவதற்கான விடையின் பெரும்பகுதி, விளையாட்டை நடத்தும் நிறுவனம் வகுத்துள்ள விதிகளில் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. சம்பாதிக்கத் தொடங்கிய இளைஞர்கள் பலர் இதில் கைக்காசைப் போடுவதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வலிமைக்கு எடுத்துக்காட்டாக, 2019 அக்டோபரில் ‘மேஜிக்: தி கேதரிங்’ விளையாட்டின் ‘த்ரோன் ஆஃப் எல்ட்ரெய்ன்’ தொகுப்பில் வந்த ‘ஓகோ’ என்ற பிளேன்ஸ்வாக்கர் (நம் சுற்றுதோறும் ஒரு திறனைப் பயன்படுத்தக்கூடிய கூட்டாளி வகை) அட்டையைப் பார்க்கலாம். மூன்றே மானாவுக்கு (அட்டையை இறக்கச் செலவிடும் ஆற்றல்), நான்கு லாயல்டியுடன் (அந்த அட்டையின் உயிர்ப்புள்ளி போன்றது) இறங்கும் ஓகோ, இறங்கிய சுற்றிலேயே அதை ஆறாக உயர்த்திக்கொள்ள முடியும்; அடுத்த சுற்றில் எதிராளியின் தலைசிறந்த உயிரியையும் எந்தத் திறனும் அற்ற, தாக்கும் வலிமையும் தாங்கும் வலிமையும் மூன்றேயான 3/3 கடமானாக மாற்றிவிடும், அப்படி மாற்றும்போதும் அதன் லாயல்டி கூடுமே தவிரக் குறையாது. ஆட்டத் தொடக்கத்திலும், இரு தரப்பும் சமநிலையில் நிற்கும்போதும், நாம் முன்னிலையில் இருக்கும்போதும், தோற்றுக்கொண்டிருக்கும்போதும் இந்த அட்டை கைக்கு வந்தால் என்ன பயன் என்று தனித்தனியே கேட்டுப் பார்த்தால் நான்கு இடத்திலும் ஓகோ தேறிவிடும். பார்வைக்கு மிரட்டலாக இருக்கும் அட்டைகளில் பல, ஏற்கெனவே வென்றுகொண்டிருப்பவருக்கு மட்டுமே உதவுகின்றன. இதோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும்: அதே இடத்தில் வைக்கக்கூடிய அடுத்த சிறந்த அட்டை எது? இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் அந்த அட்டை நமக்குத் தரும் உண்மையான ஆதாயம்.

புள்ளிவிவரங்கள் கிடைப்பது பெரிய உதவிதான், ஆனால் அவற்றைப் படிக்கத் தெரிய வேண்டும். மேஜிக்கின் டிஜிட்டல் வடிவமான ‘மேஜிக் அரீனா’ ஆட்டங்களின் தரவைத் திரட்டும் ‘17லேண்ட்ஸ்’ தளத்தில், ஓர் அட்டை கைக்கு வந்த ஆட்டங்களின் வெற்றி விகிதம் தரப்படுகிறது. அத்தளத்தைப் பயன்படுத்துவோர் சராசரி ஆட்டக்காரர்களைவிடத் தேர்ந்தவர்கள் என்பதால் அவர்களுடைய பொது வெற்றி விகிதமே 50 சதவீதத்தைத் தாண்டியிருக்கிறது. ஆகவே 53 சதவீதம் காட்டும் அட்டை நல்ல அட்டை என்று முடிவு கட்டிவிட முடியாது. மேலும், குறிப்பிட்ட ஒரு டெக்கில் மட்டும் பொருந்தும் அட்டையை அந்த டெக் ஆடுபவர்கள் மட்டுமே சேர்ப்பார்கள். அதன் உயர்ந்த விகிதத்தில் டெக்கின் பங்கு எவ்வளவு, அட்டையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் அதைத் தூக்கி இன்னொரு டெக்கில் வைத்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

இனி விலைக்கு வருகிறேன். வெளியாகி இரண்டு மாதம் ஆவதற்குள், 2019 நவம்பர் 18 அன்று, அண்மைத் தொகுப்புகளை மட்டும் கொண்டு ஆடும் ஸ்டாண்டர்ட் ஆட்டமுறையில் ஓகோ தடை செய்யப்பட்டது. மேஜிக் அரீனாவில் அதை வைத்திருந்தவர்களுக்கு ஈடாக வைல்ட்கார்டுகள் (வேறு அட்டையாக மாற்றிக்கொள்ளக்கூடியவை) கிடைத்தன; அட்டைகளை ஒருவருக்கொருவர் விற்று வாங்கக்கூடிய ‘மேஜிக் ஆன்லைன்’ தளத்தில் காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. ‘ஹார்த்ஸ்டோன்’ விளையாட்டில் சந்தையே கிடையாது. அங்கே மிக அரிய வகையான ஒரு லெஜண்டரி அட்டையை உருவாக்க 1,600 டஸ்ட் (விளையாட்டுக்குள் மட்டும் செல்லும் நாணயம்) செலவாகும், உடைத்தால் 400 மட்டுமே திரும்பும். ஆனால் அந்த அட்டை நெர்ஃப் செய்யப்பட்டால், அதாவது நிறுவனத்தால் பலவீனமாக்கப்பட்டால், குறிப்பிட்ட காலத்துக்கு முழு 1,600-உம் திரும்பக் கிடைக்கும். எனவே அளவுக்கு மீறி வலுவாக இருப்பதால் விரைவில் குறைக்கப்படும் என்று எல்லோரும் எதிர்பார்க்கும் அட்டைதான் ஹார்த்ஸ்டோனில் மிகப் பாதுகாப்பான செலவு. விற்பனைச் சந்தை உள்ள விளையாட்டில் அதே எதிர்பார்ப்பு, விலகி நிற்பதற்கான காரணம்.

இதை முழுமையாக விளக்கும் விளையாட்டு, வால்வ் நிறுவனம் 2018 நவம்பரில் வெளியிட்ட ‘ஆர்டிஃபாக்ட்’. விளையாட்டின் விலை அப்போது 20 டாலராக இருந்தது. 12 அட்டைகள் கொண்ட பேக் (மூடிய உறை) 2 டாலருக்கு விற்றது. ஒவ்வொரு பேக்கிலும் குறைந்தது ஓர் அரிய அட்டை உறுதி. பேக்கிலிருந்து சராசரியாகக் கிடைக்கும் அட்டைகளின் மதிப்பு 2 டாலரைத் தாண்டினால், மக்கள் பேக்குகளைப் பிரித்து அட்டைகளை விற்கத் தொடங்குவார்கள், வரத்து கூடி விலை இறங்கிவிடும். மொத்த மதிப்புக்கு இப்படி ஓர் உச்சவரம்பு இருப்பதால், ஒரு சில அட்டைகளின் விலை ஏற வேண்டுமென்றால் மற்ற அரிய அட்டைகள் மலிவாகக் கிடந்தாக வேண்டும். தொடக்க நாட்களில் ‘ஆக்ஸ்’ என்ற நாயக அட்டை 10 டாலருக்கும் மேல் விற்றதற்கு, சிவப்பு நிற அட்டைகளை மையமாகக் கொண்ட டெக்குகள் பெரும்பாலும் அதை நாடியதும், மற்ற நாயகர்களில் பலரை அதிகம் பேர் நாடாததும் சேர்ந்தே காரணம். அந்த விலைக்குள் மூன்று அனுமானங்கள் அடங்கியிருந்தன: ஆட்டக்காரர்கள் தொடர்ந்து இருப்பார்கள், அட்டை மாறாது, பேக்குகளின் விற்பனை இப்படியே நடக்கும்.

ஆட்டக்காரர்கள் தொடர்ந்து இருப்பார்கள் என்ற முதல் அனுமானம் சில வாரங்களிலேயே சரிந்தது. அட்டை மாறாது என்ற இரண்டாவதும் நிலைக்கவில்லை. சந்தையைக் கருதி அட்டைகளை அரிதாகவே மாற்றுவோம் என்ற நிலைப்பாட்டிலிருந்த நிறுவனம், டிசம்பரிலேயே ஆக்ஸையும் ‘ட்ரோ ரேஞ்சர்’ அட்டையையும் பலவீனமாக்கியது. வாங்கியவர்களிடமிருந்து அறிவிப்புக்கு முந்தைய விலையில் அவ்விரு அட்டைகளையும் திரும்ப வாங்கிக்கொள்ள அது முன்வந்தது நேர்மையான செயல் என்றே கருதுகிறேன். ஆனால் அந்த முந்தைய விலையே தொடக்க விலையிலிருந்து வெகுவாக இறங்கியிருந்தது. 2021 மார்ச்சில் விளையாட்டின் மேம்பாட்டுப் பணி கைவிடப்பட்டு, எல்லா அட்டைகளும் எல்லோருக்கும் இலவசமாக்கப்பட்டன. ஆக்ஸ் நல்ல அட்டை என்ற மதிப்பீடு கடைசிவரை தவறாகவில்லை. அதன் விலை மட்டும் காணாமற்போனது.

ஆகவே அட்டையின் சந்தை மதிப்பைக் கணிக்க விரும்புபவர் முதலில் படிக்க வேண்டியவை, அட்டை மாற்றப்பட்டால் ஈடு உண்டா, வரத்தைக் கூட்டும் அதிகாரம் யாரிடம் உள்ளது, விற்ற பணம் வங்கிக்கு வருமா என்ற மூன்று விவரங்கள். வால்வ் நடத்தும் ‘ஸ்டீம்’ இணையக் கடையின் சந்தையில் (ஆர்டிஃபாக்ட் அட்டைகள் கைமாறியதும் இங்கேதான்) விற்ற பணம், கட்டணம் போக, ஸ்டீம் வாலட்டில் மட்டுமே சேரும். அங்கிருந்து வெளியே எடுக்க முடியாது. அத்தகைய இடத்தில் வாங்கும் அட்டையை முதலீடு என்று அழைப்பதை நான் ஏற்கவில்லை. இந்த விவரங்கள் பல பக்க ஒப்பந்த உரைக்குள் புதைந்து கிடப்பதும் சரியல்ல. பேக் வாங்கும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே, மாற்றம், தடை, மூடல் ஆகிய மூன்று நிலையிலும் வாங்கியவருக்கு என்ன கிடைக்கும் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் எளிய சொற்களில் எழுதிவைக்க வேண்டும் என்று ஆட்டக்காரர்களாகிய நாம் கேட்க வேண்டும்.