பிங்கர்டனும் பிந்தி வந்த கைதட்டலும்

வீஸர் என்ற அமெரிக்க ராக் குழுவின் இரண்டாவது ஆல்பம் 'பிங்கர்டன்'. வந்தபோது அடிவாங்கிய அதை இன்றைக்கு எல்லோரும் கொண்டாடுகிறார்கள். கொண்டாடட்டும், எனக்கும் அது உயிர். ஆனால் "கடைசியில் நல்ல இசை ஜெயித்துவிட்டது பார்" என்று நண்பர்கள் சொல்லும்போது மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடிவதில்லை.

1994இல் வந்த முதல் ஆல்பம், அந்த நீல அட்டைக்காரன், சக்கைப் போடு போட்டது. தி கார்ஸ் என்ற ராக் குழுவின் ரிக் ஒகாசெக் தயாரிப்பு. குறும்பும், ஒரு தடவை கேட்டாலே வாயில் ஒட்டிக்கொள்ளும் மெட்டுகளும். அப்புறம், குழுவின் பாடகரும் பாடல்களை எழுதியவருமான ரிவர்ஸ் குவோமோ என்ன செய்தார் தெரியுமா? புகழ் உச்சியில் இருந்தபோதே ஹார்வர்டில் மாணவராகப் போய்ச் சேர்ந்தார். அவருக்குப் பிறவியிலேயே ஒரு கால் குட்டை. எலும்பை வெட்டி, வெளியே இரும்புச் சட்டம் மாட்டி, நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் காலை நீட்டும் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. அந்த வலியோடு, கைத்தடியோடு, பேச ஆளில்லாத தனிமையில் எழுதிய பாடல்கள் இந்த ஆல்பத்தில் இருக்கின்றன.

முதலில் விண்வெளியில் நடக்கும் ராக் ஆபரா ஒன்றைத்தான், அதாவது ராக் பாடல்களாலேயே சொல்லும் ஒரு கதையைத்தான், யோசித்துவைத்திருந்தார். அதைக் கைவிட்டு, மனதில் கிடந்த அழுக்கையும் சேர்த்து அப்படியே கொட்டிவிட்டார். ஆல்பத்தின் பெயரே ஒப்புதல் வாக்குமூலம் மாதிரிதான்: புச்சினியின் 'மேடம் பட்டர்ஃபிளை' ஆபராவில் ஜப்பானிய மனைவியைக் கைவிட்டுப் போகிறானே, அந்த அமெரிக்கக் கடற்படை அதிகாரிதான் பிங்கர்டன். இம்முறை வெளித் தயாரிப்பாளர் கிடையாது. கிட்டார் காதைக் கிழிக்கும், குரல் பிசிறடிக்கும். கடைசிப் பாட்டில் மட்டும் எல்லாம் ஓய்ந்து ஒரு அகூஸ்டிக் கிட்டார் மிஞ்சும். அந்த இடத்தில் இன்றும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். கடிதம் எழுதிய ஜப்பானிய ரசிகையைப் பற்றிய பாட்டு எனக்குச் சங்கடம்தான். அந்தப் பெண்ணின் மனம் அதில் எங்குமே இல்லை. ஆனால் தன்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ள அவர் ஒரு வரியில்கூட முயலவில்லை.

1996 செப்டம்பரில் ஆல்பம் வந்தது. அமெரிக்க ஆல்பங்களைத் தரவரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் 19ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. ரோலிங் ஸ்டோன் இசைப் பத்திரிகையின் வாசகர்கள் அதை அந்த ஆண்டின் மோசமான ஆல்பங்களில் ஒன்றாகத் தேர்ந்தெடுத்தார்கள். அதே பத்திரிகை 2004இல் ஐந்து நட்சத்திரம் கொடுத்தது! அந்த எட்டு வருடத்துக்குள் என்னவெல்லாம் நடந்துவிட்டது. குவோமோ லாஸ் ஏஞ்சலிஸில் சுவர்களுக்குக் கறுப்புச் சாயம் பூசி, ஜன்னல்களை அடைத்துக்கொண்டு அறைக்குள் கிடந்தார். குழுவில் பேஸ் கிட்டார் வாசித்த மேட் ஷார்ப் விலகிப்போனார். 2001இல் மறுபடி ஒகாசெக்கோடு சேர்ந்து ஒரு ஆல்பம் செய்தார்கள். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பாடல்கள். கேட்க நன்றாகவே இருக்கும், ஆனால் எழுதியவரை அதில் தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. மனதைத் திறந்து காட்டி அடிவாங்கியவர் கதவைச் சாத்திக்கொண்டார். அவரை நான் எப்படிக் குறை சொல்வேன்?

2010இல் ஒரு சுற்றுப்பயணத்தில் பிங்கர்டனை முதலிலிருந்து கடைசிவரை மேடையில் வாசித்தார்கள். அரங்கமே சேர்ந்து பாடியது. அந்தக் குரல்களில் கால்வாசி 1996இல் அவர் காதில் விழுந்திருந்தால் மூன்றாவது ஆல்பம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். அந்த ஆல்பம் எனக்கு வேண்டும்.