எல்லா பில்டரையும் எக்ஸ்போர்ட் பண்ணலாம் எண்டது பிழை

தம்பி, கோட் எழுதாம வெப்சைட் செய்யிற பில்டர்களப் பத்தி "எந்த பில்டர்ல சைட் செஞ்சாலும் மறுகா எக்ஸ்போர்ட் பண்ணி வேற ஹோஸ்டிங்ல போடலாம்" எண்டு எழுதியிருக்கிறீங்க, அது பிழை, இத நம்பி அறுகம்பேல கெஸ்ட்ஹவுஸ் வச்சிருக்கிற ஆக்கள் காசு கட்டினா மாட்டுப்படுவாங்க. விக்ஸ் பில்டர்ல செஞ்ச சைட்ட வெளிய எடுக்கவே ஏலா, அவங்கட சேர்வர்லதான் ஓடும். வெப்ஃப்ளோ எண்ட பில்டர்ல காசு கட்டுற வேர்க்ஸ்பேஸ் பிளான் இருந்தா எடுக்கலாம், ஆனா வாறது எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், படங்கள், அவ்வளவுதான். சிஎம்எஸ்ல, அதாவது பில்டருக்குள்ள விவரம் சேத்து வைக்கிற பகுதியில, போட்ட ரூம் விவரம் அதோட வராது, அத தனியா சிஎஸ்வி எண்ட அட்டவணை ஃபைலாத்தான் இறக்கணும். புக்கிங் விசாரிக்கிற ஃபோர்ம் பாக்க அப்படியே இரிக்கும், சப்மிட்ட அமத்தினா ஒரு மெசேஜும் வந்து சேராது, வேற சேவையோட இணைக்கணும், இதுதான் பெரிய ஆபத்து, ஏனெண்டா கஸ்டமர் போனது கூட தெரியாது.

நீங்க சொன்ன கஸ்டம் கம்போனன்டும், அதாவது ஒருக்கா செஞ்சு பல பக்கத்தில போடுற துண்டும், அப்படித்தான், ரூம் கார்ட் ஒண்ட செஞ்சு பத்து பக்கத்தில போட்டிருந்தா எக்ஸ்போர்ட்டுல அது ஒவ்வொரு பக்கத்திலயும் வெறும் எச்டிஎம்எல் கொப்பியா கிடக்கும், மறுகா டிசைன மாத்துறெண்டா பத்திலயும் கை வைக்கணும்.

இடம் மாத்துற எண்ணம் இருந்தா வேர்ட்பிரஸ பாருங்க, ஃபைல், டேட்டாபேஸ் ரெண்டையும் தூக்கிட்டு போகலாம், வேர்ட்பிரஸுக்குள்ள பக்கம் செய்ற எலிமென்டர் எண்ட பிளகின்ல (மேலதிகமா சேக்கிற மென்பொருள்) செஞ்சிருந்தா அந்த பிளகினும் புது இடத்தில வேணும்.