‘வெள்ளைக்காரன் கொடுத்த மதம்’ என்பது பாதிக் கதைதான்

ஒருவர், ‘கிறிஸ்தவம் அடிமை முதலாளிகள் திணித்த மதம், அமெரிக்கக் கறுப்பின இளைஞர்களிடம் அதைப் பேசுவதே அவமானம்’ என்று எழுதியிருக்கிறார். திணித்ததும் உண்மை, திரித்ததும் உண்மை. 1807இல் லண்டனில், கரீபியத் தீவு அடிமைகளுக்கென்றே ஒரு பைபிள் அச்சிட்டார்கள். மோசே தன் மக்களை எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து மீட்டு வந்த கதையை அதில் வெட்டிவிட்டார்கள். அதைப் படித்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது!

ஆனால் கறுப்பினத்தவரின் கிறிஸ்தவத்துக்குத் தொடக்கம் அங்கே இல்லை. இன்றைய எத்தியோப்பியப் பகுதியை ஆண்ட அக்சும் அரசர் எசானா 4ஆம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவரானார். அட்லாண்டிக் அடிமை வணிகத்துக்கு ஆயிரம் ஆண்டு முந்தைய சங்கதி இது. அப்புறம் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம். அங்கே ஒரு தேவாலயத்தில் முழங்காலிட்டு ஜெபித்துக்கொண்டிருந்த அப்சலோம் ஜோன்ஸ் என்ற கறுப்பினத்தவரை, ‘இங்கே இருக்கக் கூடாது’ என்று நிர்வாகி ஒருவர் பிடித்து இழுத்தார். கறுப்பினத்தவர் மொத்தமாக வெளியேறினார்கள். அவர்களில் ஒருவர், அடிமையாகப் பிறந்த ரிச்சர்ட் ஆலன். அவர் தலைமையில் 1816இல் கறுப்பினத்தவரின் சொந்தச் சபையாக ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் சபை உருவானது.

ராப் பாட்டு போட்டால் இளைஞர்கள் வந்துவிடுவார்கள் என்று நினைக்கும் சபை ஊழியர்களுக்கும் இது தெரியவேண்டும். நீலக்கண் இயேசு படத்தை இறக்கிவிட்டு, முதலில் அந்த இளைஞர்களின் கோபத்தைக் காதுகொடுத்துக் கேட்கட்டும். ஏற்பதும் மறுப்பதும் அந்தப் பிள்ளைகள் பாடு.