புதிய மண்டபம் கேட்பதற்கு முன்

வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பொதுக்கூட்டம் நடைபெறவிருக்கிறது. இப்போதுள்ள மண்டபத்தின் அருகிலேயே இரண்டு மாடிகளில் இன்னொரு பல்நோக்கு மண்டபம் அமைத்துத் தருமாறு கோரிக்கை அனுப்புவது என்ற தீர்மானம் அன்று முன்வைக்கப்படும் என்று அறிகிறேன். கூட்டத்தில் ஒருவருக்கு ஐந்து நிமிடங்களுக்கு மேல் பேசக் கிடைக்காது. இந்த மண்டபத்துக்காக வெளிநாடுகளிலிருந்து பணம் அனுப்பிய உறவுகளும் அங்கே இருக்கப்போவதில்லை. ஆகவே எனது கருத்தை இங்கே முழுமையாக எழுதுகிறேன். எமக்கு இன்று இன்னொரு கட்டடம் தேவையில்லை. இருக்கும் மண்டபத்தை நாள்தோறும் திறந்து, கூட்டி, விளக்குப் போட்டு, மாலையில் பூட்டுவதற்கு ஆட்களே தேவை.

எங்கள் ஊர் இலங்கையின் திருகோணமலை மாவட்டத்தில், நிலாவெளிக்கும் குச்சவெளிக்கும் இடையில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்புமாக இருக்கும் சிறிய கரையோரக் கிராமம். எனது தந்தையாரின் இளமைக் காலத்தில் இங்கே மண்டபம் என்று எதுவும் இருக்கவில்லை. கிடுகால் வேய்ந்த வாசிகசாலை ஒன்றுதான் இருந்தது. ஆண்டுக்கொரு முறை, மாரி மழை தொடங்குவதற்கு முன், வீட்டுக்கு இத்தனை கிடுகு என்று கணக்கிட்டுக் கொண்டுவந்து ஒரே நாளில் கூரையை வேய்ந்துவிடுவார்களாம். காலைப் பேருந்தில் வரும் ஒரேயொரு வீரகேசரிப் பத்திரிகையை, கரைவலை இழுத்து முடித்துக் களைத்து வந்தவர்கள் சுற்றியிருந்து கேட்க, எழுத்து வாசிக்கத் தெரிந்த ஒருவர் உரத்து வாசிப்பார். அந்தக் கூரையின் கீழ்தான் தாம் எழுத்துக் கூட்டக் கற்றதாகத் தந்தையார் பலமுறை சொல்லியிருக்கிறார். கிராம அபிவிருத்திச் சங்கங்கள் இந்நாட்டில் 1948ஆம் ஆண்டிலிருந்து இயங்கி வருகின்றன. ஊர்த் தலைவர்களாக இருந்த விதானைமாரின் முறை 1963இல் நீக்கப்பட்டுக் கிராம சேவையாளர்கள் வந்தார்கள், ஆனால் எங்கள் ஊர் முதியவர்களுக்குக் கிராம சேவையாளர் இன்றும் விதானையார்தான். பதவிகளின் பெயர்கள் இவ்வாறு மாறிக்கொண்டிருந்த காலமெல்லாம் ஊருக்கென்று ஒரு கூரையை ஊரே பார்த்துக்கொண்டது என்பதைச் சொல்லவே இதை நினைவூட்டுகிறேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, அந்த வாசிகசாலையையும் அதைச் சுற்றியிருந்த வீடுகளையும் கடல் கொண்டுபோயிற்று. அப்போது எனக்குப் பதினேழு வயது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஒரு தொண்டு நிறுவனத்தின் உதவியுடன் இப்போதைய மண்டபம் எழுந்தது. அது நல்ல மண்டபம். கட்டித் தந்தவர்களுக்கு நான் இன்றும் நன்றியுள்ளவள். ஆயினும் அந்தக் காலத்தில் எங்களுக்குள் ஒரு மாற்றம் நிகழ்ந்தது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். இடிபாடுகளை அகற்றவும் கிணறுகளை இறைக்கவும் வாய்க்கால்களைத் துப்புரவாக்கவும் நாட்கூலி கொடுத்தார்கள். வலையும் வள்ளமும் இழந்து நின்ற குடும்பங்களுக்கு அந்தக் கூலி பசியாற்றியது, அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் கூலி நின்ற பின்னரும், பொது வேலை என்றால் யாரோ ஒருவர் பணம் தருவார் என்று காத்திருக்கும் பழக்கம் எங்களிடம் தங்கிவிட்டது. 1958இல் சர்வோதய இயக்கத்தைத் தொடங்கிய ஏ.ரி.ஆரியரத்ன 2024இல் காலமானபோது, சிரமதானம் என்ற சொல்லை ஊரூராகக் கொண்டுசென்றவர் என்று எல்லோரும் அவரைப் புகழ்ந்தோம். உழைப்பைத் தானமாகக் கொடுப்பது என்பதே அச்சொல்லின் பொருள். அந்தத் தானத்தை எங்கள் மண்டப முற்றத்தில் கடைசியாக எப்போது செய்தோம் என்று அன்று நான் யோசித்துப் பார்த்தபோது, நினைவுக்கு வந்தவர்கள் ஏழெட்டுப் பேர்தான்.

நான் ஏன் திறந்து வைப்பதைப் பற்றியே பேசுகிறேன் என்பதற்கு ஓர் இரவைச் சொல்ல வேண்டும். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடைப்பட்ட கரையை நோக்கி வந்துகொண்டிருந்தது. கரையோரத்தில் இருப்பவர்கள் பாதுகாப்பான கட்டடங்களுக்குச் செல்லுமாறு மாலையிலிருந்தே ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கொரோனாக் காலம் என்பதால் எல்லோரையும் பாடசாலையில் நெருக்கி வைக்கவும் முடியவில்லை. மழை தொடங்கியபோது முப்பது குடும்பங்களுக்கு மேல் மண்டபத்து வாசலில் நின்றன, மண்டபம் பூட்டியிருந்தது. திறப்பு வைத்திருந்தவர் இரண்டு நாட்களுக்கு முன்பே மகளின் பேறுகாலத்துக்காக மட்டக்களப்புக்குச் சென்றிருந்தார். அவர்மேல் நான் குற்றம் சொல்லவில்லை. ஒரே திறப்பை ஒரே வீட்டில் வைத்துவிட்டுப் பத்து ஆண்டுகளாக அதைப் பற்றிக் கேட்காமல் இருந்தவர்கள் நாங்கள். தோளில் குழந்தையைப் போட்டுக்கொண்டு நின்ற பெரியம்மா ஒருவர், “பிள்ளை, திறப்பு ஆரிட்டை?” என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டே போனார். ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. கடைசியில் இரண்டு பொடியன்கள் அலவாங்கு கொண்டுவந்து பூட்டை உடைத்தார்கள்.

உள்ளே போன பின்னர் கண்டவைதான் எனக்கு இன்றும் மறக்கவில்லை. கதிரைகள் சுவரோடு அடுக்கப்பட்டு, அவற்றின்மேல் வௌவால் எச்சம் கிடந்தது. தண்ணீர்த் தாங்கி வறண்டிருந்தது. மலசலகூடத்துக்குத் தனிப் பூட்டு. அதன் திறப்பு எங்கே என்பது திறப்பு வைத்திருந்தவருக்கே தெரியாது என்று பின்னர் அறிந்தோம். மூன்று மின்குமிழ்களில் ஒன்று மட்டும் எரிந்தது, அதுவும் அரைமணி நேரத்தில் மின்சாரம் போகும் வரைக்கும். நல்லவேளையாகப் புயல் வலுக்குறைந்து கடந்து சென்றது. விடியும்வரை நனைந்த உடுப்போடு சீமெந்துத் தரையில் குந்தியிருந்த பெண்கள், அடுத்த கிழமையே மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கூட்டத்தைக் கூட்டினார்கள். மண்டபத்தை இனிமேல் நாங்கள் திறப்போம் என்று முடிவெடுத்தோம்.

மூன்று திறப்புகள் வெட்டினோம். ஒன்று கடலோரத்து வீடு ஒன்றில், ஒன்று கோயிலடியில், ஒன்று பிரதான வீதியோரக் கடையில். ஒவ்வொன்றையும் வலையில் கட்டும் மிதவைத் துண்டோடு சேர்த்துக் கட்டியிருக்கிறோம். கையில் எடுத்தவர் சட்டைப்பையில் போட்டு மறந்துவிட முடியாத அளவுக்கு அது பெரியது. உப்புக்காற்றில் எந்தப் பூட்டும் இரண்டு மாரி தாங்காது, ஆகவே மாதத்துக்கொரு முறை தேங்காயெண்ணெய் விட்டுத் துடைக்கிறோம். வாசலில் ஒரு சீ.ஆர். கொப்பி, அதாவது தடித்த அட்டை போட்ட குறிப்பேடு, தொங்குகிறது. யார் திறந்தார், எத்தனை மணிக்குப் பூட்டினார், என்ன உடைந்திருக்கிறது, தும்புத்தடி தேய்ந்துவிட்டதா, தாங்கியில் தண்ணீர் எவ்வளவு என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போக வேண்டும். ஐந்து ஆண்டுகளில் அவ்வாறு ஏழு கொப்பிகள் நிரம்பியிருக்கின்றன. காலையில் முன்பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள். பின்னேரம் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள், வீட்டில் அமைதியாக இருந்து படிக்க மேசையில்லாதவர்கள், ஒன்பது மணி வரையில் இருக்கிறார்கள். மாதத்தில் ஒருநாள் குடும்பநல உத்தியோகத்தர் வந்து குழந்தைகளை நிறுத்துப் பார்க்கிறார். இவற்றில் எதுவும் பெரிய விடயமல்ல என்று சிலர் நினைக்கலாம். நாள்தோறும் நடக்கும் இந்தச் சிறிய விடயங்களால்தான் தாங்கியில் தண்ணீர் இருக்கிறது, மின்குமிழ் எரிகிறது, மலசலகூடம் திறந்திருக்கிறது.

மரண வீடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் ஊர் என்பதன் பொருளை நான் அங்கேதான் அதிகம் உணர்ந்திருக்கிறேன். எங்கள் மரண உதவிச் சங்கத்தின் நூற்றிருபது கதிரைகளும் நான்கு தறப்பாள்களும் இரண்டு பெரிய கிடாரங்களும் மண்டபத்தின் பின்னறையில் இருக்கின்றன. இரவு இரண்டு மணிக்கு ஒரு வீட்டில் உயிர் பிரிந்தாலும், முதலில் போய்ச் சேர வேண்டியது கதிரைதான். அழுதுகொண்டு வரும் உறவினரை இருத்துவதற்கு அந்த வீட்டில் இடமிருக்காது. எனது தந்தையார் மறைந்த இரவில், நாங்கள் யாரிடமும் கேட்பதற்கு முன்பே, இரண்டு இளைஞர்கள் லாண்ட்மாஸ்ரரில் கதிரைகளை ஏற்றிவந்து முற்றத்தில் ஓசையில்லாமல் விரித்தார்கள். ஒவ்வொரு கதிரையின் முதுகிலும் சிவப்புப் பெயின்ரில் இலக்கம் எழுதியிருக்கும். எட்டுச் செலவு முடிந்த மறுநாள் அவற்றைக் கழுவி எண்ணித் திருப்பிக் கொடுக்கும்போது, 47ஆம் இலக்கக் கதிரையின் கால் உடைந்திருந்தது. காசு தருகிறேன் என்றேன். “விடுங்கோ ரீச்சர், அது போன செத்தவீட்டிலேயே உடைஞ்சது, கொப்பியிலை கிடக்கு” என்றார் அந்தத் தம்பி. துக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் ஓர் உடைந்த கதிரைக்குக் கூட அநியாயமாகக் காசு வாங்கக் கூடாது என்பதற்காக ஒருவர் நள்ளிரவில் கொப்பியில் ஒரு வரி எழுதியிருக்கிறார். தொண்டு என்று நான் எதைச் சொல்கிறேனோ அது இதுதான்.

2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் வந்தபோது இந்த ஐந்து ஆண்டுகளின் பயனை ஊர் முழுவதும் கண்டது. மகாவலி பெருகி மூதூரும் வெருகலும் பட்ட துயரத்தோடு ஒப்பிட்டால் எங்கள் பாதிப்புச் சிறியது. ஆயினும் களப்பு ஏறி, மேற்குப் பக்க வீடுகளில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அன்று யாரும் திறப்பைத் தேடவில்லை. முதல் குடும்பம் வந்து சேர்ந்தபோது மண்டபத்தில் அரிக்கன் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, தாங்கி நிரம்பியிருந்தது. வாரந்தோறும் ஒன்றாக நின்று கூட்டிப் பழகிய கைகள் அடுப்பு மூட்டியபோது, யார் அரிசி கழுவுவது, யார் தேங்காய் துருவுவது என்று ஒருவர் ஒருவரைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. மூன்று நாட்கள் பருப்பும் சோறும் பூசணிக்காய்க் கறியும் சமைத்தோம். இரண்டாம் நாள் பக்கத்து முஸ்லிம் ஊர்ப் பள்ளிவாசலிலிருந்து இரண்டு கிடாரங்களையும் ஒரு மூடை அரிசியையும் உழவு இயந்திரத்தில் கொண்டுவந்து இறக்கினார்கள். தண்ணீர் வற்றியதும் நாங்கள் அவர்களுடைய கிணறுகளை இறைக்கப் போனோம். அதன் பிறகு சேர்த்த உலருணவுப் பொதிகள் மூதூர்ப் பக்கம் போயின. கட்டடம் 2020இல் இருந்த அதே கட்டடந்தான். ஒரு செங்கல் கூட அதில் புதிதாக வைக்கப்படவில்லை.

ஆகவேதான் இரண்டு மாடி மண்டபத்துக்கான தீர்மானத்தை என்னால் ஆதரிக்க முடியவில்லை. கடலிலிருந்து வரும் உப்பு, கொங்கிறீட்டுக்குள் ஊறி உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துருப்பிடித்த கம்பி வீங்கும்போது வெளிப்பூச்சு வெடித்து உதிர்கிறது. இப்போதைய மண்டபத்தின் முன் தூண்கள் இரண்டில் அது தொடங்கிவிட்டது, விருப்பமுள்ளவர்கள் போய்ப் பார்க்கலாம். உதிர்ந்த இடத்தைக் கொத்தி, கம்பியைச் சுத்தம் செய்து, நல்ல கலவையால் பூசுவதற்கு ஆகும் செலவு சிறியது. விட்டுவிட்டால் தூணே போய்விடும். ஒரு மாடியில் இரண்டு தூண்களைப் பராமரிக்காத நாங்கள் இரண்டு மாடிகளை எப்படிப் பராமரிப்போம்? பிரதேச சபைகளின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிந்து, 2025 மே 6ஆம் திகதித் தேர்தல் வரையில் மக்கள் தெரிவுசெய்த உறுப்பினர்கள் இருக்கவில்லை. இப்போது உறுப்பினர்கள் வந்திருக்கிறார்கள், புயலுக்குப் பிந்திய நிவாரண நிதியைப் பற்றிய பேச்சும் எழுகிறது, அதனால் பெரிதாகக் கேட்போம் என்று மாமாமார் சிலர் ஆர்வப்படுவது எனக்கு விளங்குகிறது. அவர்கள் ஊருக்கு நல்லதையே நினைக்கிறார்கள். ஆயினும் பெரிதாகக் கேட்டுக் கட்டிய பின் பூட்டிக் கிடக்கும் மண்டபங்களை இந்த மாவட்டத்தில் நான் போதுமான அளவு கண்டிருக்கிறேன். ஒன்றில் ஆடு கட்டியிருந்தது, இன்னொன்றின் வாசற்படியில் எருக்கலை முளைத்திருந்தது.

புலம்பெயர்ந்த உறவுகளிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பணத்துக்கும் அன்புக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். பெயர்க்கல் பதிக்கும் கட்டடத்துக்கு அனுப்ப எண்ணியதில் ஒரு பகுதியை, பெயர் எழுத இடமில்லாத மின்கட்டணத்துக்கும் தண்ணீர்க் கட்டணத்துக்கும் தூண்களின் பூச்சுக்கும் ஒதுக்குங்கள். மூன்று மாதத்துக்கொரு முறை கணக்கைப் படமெடுத்து இங்கேயே போடுவதற்கு நான் பொறுப்பேற்கிறேன்.

ஊரில் இருப்பவர்களிடம் சொல்ல வேண்டியது இதைவிடக் கடினமானது. இந்த ஐந்து ஆண்டுகளாக மண்டபத்தைத் திறந்து வருபவர்கள் ஆறு பெண்களும் இரண்டு முதியவர்களும் மட்டுமே. அந்தப் பெண்களில் மூவர் விடியற்காலை கருவாட்டு வாடிக்குப் போய் உழைத்துவிட்டு வந்து, வீட்டில் உலை வைத்துவிட்டு, அதன் பின் மண்டபத்துக்கு வருகிறார்கள். கூட்டங்களில் முன்வரிசையில் இருந்து பேசும் ஆண்கள் தும்புத்தடியைத் தொட்டதை நான் பார்த்ததில்லை. இளைஞர்களை நான் குறை சொல்லமாட்டேன். பூட்டை உடைத்தவர்களும், கதிரை ஏற்றியவர்களும், வெள்ளத்தில் முதியவர்களைத் தோளில் சுமந்து வந்தவர்களும் அவர்கள்தான். ஆனால் நிர்வாகக் குழுவில் முப்பது வயதுக்குட்பட்டவர் ஒருவர்கூட இல்லை. இடர் நாளில் கூப்பிடுகிறோம், தீர்மானம் எடுக்கும் நாளில் மறந்துவிடுகிறோம். வேலை தேடிக் கட்டாருக்குப் போகக் காத்திருக்கும் அந்தப் பிள்ளைகள், இங்கே இருக்கும் வரைக்கும் இந்த ஊர் தங்களுடையது என்று உணர வேண்டாமா?

ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு திருத்தப் பிரேரணையை முன்வைப்பேன். புதிய மண்டபத்துக்கான கடிதத்தை ஓர் ஆண்டு ஒத்திவைத்து, அதற்குப் பதிலாகத் தூண்களின் திருத்தத்துக்கும் இன்னொரு தண்ணீர்த் தாங்கிக்கும் விண்ணப்பிப்போம். பொருளாளர் பதவியை மாதர் சங்கத்துக்கும் உதவிச் செயலாளர் பதவியை இளைஞர் ஒருவருக்கும் கொடுப்போம். நாலாவது திறப்பு ஒன்றை வெட்டுவோம் என்பதே அது. எதிர்த்து வாக்களிப்பவர்களின் நியாயத்தையும் கேட்க நான் தயாராக இருக்கிறேன்.

வாக்கு எப்படி முடிந்தாலும் திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு மண்டபம் திறக்கப்பட வேண்டும். அது எனது முறை. புதன் முதல் ஞாயிறு வரைக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை திறந்து வந்த ஐயா சென்ற மாதம் கண் சத்திரசிகிச்சை செய்துகொண்டதால், அந்த நாளுக்கு இன்னும் ஒருவரும் இல்லை. அவருடைய திறப்பு, மிதவையோடு, கடையில் ஆணியில் தொங்குகிறது.