வாராவாரம் ஓடும் ஜெனரேட்டர் வேண்டிய நேரத்தில் ஏன் நின்றுபோகிறது?

உங்கள் கட்டடத்தில் ஜெனரேட்டர் இருக்கிறதா என்றால் எல்லோரும் இருக்கிறது என்பார்கள். வாராவாரம் ஓட்டிப் பார்க்கிறீர்களா என்றால் அதற்கும் தலையாட்டுவார்கள். லோடு போட்டு, அதாவது கட்டடத்தின் விளக்கு, லிஃப்ட், மோட்டாரையெல்லாம் அதில் இணைத்து, ஓட்டினீர்களா என்று கேளுங்கள், பேச்சு நின்றுவிடும். மருத்துவமனை, அடுக்குமாடி, டேட்டா சென்டர், குடிநீர் பம்ப் என்று ஒரு பெருநகரமே நம்பியிருக்கிற இந்தச் சின்ன டீசல் மின்நிலையங்களைப் பராமரிப்பது என் தொழில். சும்மா ஸ்டார்ட் செய்து, சத்தம் கேட்டதும் ஆஃப் செய்து, லாக் புக்கில் "ஓகே" என்று எழுதும் பழக்கத்தைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது.

கரண்ட் போனதும் ஏடிஎஸ், அதாவது மெயின் லைனிலிருந்து ஜெனரேட்டருக்குத் தானாக மாற்றிவிடும் ஸ்விட்ச், அதை உணர்ந்து ஸ்டார்ட் கொடுக்க வேண்டும். பேட்டரி இன்ஜினைச் சுழற்ற வேண்டும். இன்ஜின் 1500 ஆர்பிஎம் எட்டி, வோல்டேஜும் 50 ஹெர்ட்ஸும் நிலைத்த பிறகு லோடு மாற வேண்டும். மருத்துவமனையின் உயிர்காக்கும் சர்க்யூட்டுகளுக்கு இதெல்லாம் 10 நொடிக்குள் முடிய வேண்டும் என்பது அமெரிக்கத் தரவிதி. லோடு இல்லாமல் ஓட்டினால் இதில் பாதிகூடச் சோதிக்கப்படுவதில்லை. ஏடிஎஸ் மாறுமா, ரேடியேட்டர் சூட்டைத் தாங்குமா, ஒன்றும் தெரியாது.

தெரியாமல் போவதோடு முடிந்தால் பரவாயில்லை. இன்ஜினே கெடுகிறது. லோடு இல்லாத டீசல் இன்ஜின் சரியாகச் சூடேறாது, எரிபொருள் முழுக்க எரியாது. எரியாத மிச்சம் புகைக்குழாயில் தங்கும். சைலென்சர் இணைப்பில் கறுப்பாக, பிசுபிசுவென்று வழிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆயில் லீக் என்று துடைத்துவிட்டுப் போவார்கள். அது லீக் இல்லை, இன்ஜின் பல மாதமாகப் பட்டினி வேலை பார்த்ததன் அடையாளம்.

பேட்டரிதான் ஸ்டார்ட் ஆகாமல் போவதற்கு அடிக்கடி காரணம். அதைவிடக் கொடுமை, சர்வீஸ் முடித்தவர் பானல் ஸ்விட்சை ஆட்டோவுக்குத் திருப்பாமல் மேனுவலிலேயே விட்டுப் போவது. அப்புறம் டீசல். பாதி நிரம்பிய டேங்கில் ஈரக்காற்று குளிர்ந்து தண்ணீராக அடியில் தேங்கும். டீசலும் தண்ணீரும் சேரும் இடத்தில் கிருமி வளரும். ஃபில்டரைக் கழற்றினால் சளி மாதிரி வரும். வாங்கி ஒரு வருடத்துக்கு மேலான டீசலைச் சோதிக்காமல் நம்பக் கூடாது.

எங்கே வைக்கிறோம் என்பதும் இதே அளவுக்கு முக்கியம். 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்தில் இருந்த 13 அவசர டீசல் ஜெனரேட்டர்களில் சுனாமிக்குப் பிறகு ஒன்றுதான் வேலை செய்தது. செயலிழந்தவற்றில் இரண்டு தண்ணீரில் மூழ்கவே இல்லை. அவற்றின் மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் ஸ்விட்ச்போர்டுகள்தான் மூழ்கின. 2012 அக்டோபரில் சாண்டி புயலின்போது நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் ஜெனரேட்டர்கள் 13வது மாடியில் பத்திரமாக இருந்தன. டீசல் ஏற்றும் பம்புகளோ அடித்தளத்தில். அவை மூழ்கியதும், தேசியக் காவல் படையினரும் ஊழியர்களும் கைமாற்றி கைமாற்றிப் படிக்கட்டு வழியாக டீசல் சுமந்தார்கள். கடைசியில் நோயாளிகளை வெளியேற்ற வேண்டியதாயிற்று. ஜெனரேட்டரை மேலே ஏற்றிவிட்டோம் என்று பெருமைப்படும் கட்டடங்களில் நான் முதலில் தேடுவது பம்பும் பானலும் எங்கே இருக்கின்றன என்பதைத்தான்.

டேங்க் கணக்கும் யாரும் போடுவதில்லை. 500 கேவிஏ செட் முழு லோடில் மணிக்குச் சுமார் 100 லிட்டர் குடிக்கும். 1000 லிட்டர் இருந்தால் பத்து மணி நேரம், அவ்வளவுதான். வெள்ளத்தில் ரோடு அடைபட்டால் டேங்கர் வராது.

புகை பற்றிக் கேட்பவர்களின் கவலை நியாயமானது. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இல் உறுதியாக வகைப்படுத்திவிட்டது. அதனால் புகைக்குழாயை ஜன்னல்களுக்கு எட்டாத உயரத்துக்குக் கொண்டுபோங்கள். சோதனையைக் குறைக்காதீர்கள்.

மாதம் ஒருமுறை, எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லி, லிஃப்டில் ஆளில்லை என்று உறுதி செய்துகொண்டு, பகலில் மெயின் பிரேக்கரை நிஜமாகவே இறக்குங்கள். குறைந்தது அரை மணி நேரம், 30 சதவீத லோடுக்குக் குறையாமல் ஓடட்டும். அவ்வளவு லோடு உங்களிடம் இல்லை என்றால் செயற்கையாக லோடு கொடுக்கும் கருவியான லோடு பேங்க் வாடகைக்குக் கிடைக்கும், வரவழைத்து மாட்டுங்கள். ஓட்டிய ஆபரேட்டர் குறை சொன்னால் அன்றைக்கே அதற்குப் பணம் ஒதுக்குங்கள்.