மன்னிக்கப்பட்ட கள்ளன் சிலுவையிலிருந்து இறக்கப்படவில்லை

பெரிய வெள்ளியன்று நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை நடக்கும் மும்மணி ஆராதனையில், சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளில் இரண்டாவதான ‘இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்’ என்பதற்கு வரும் பிரசங்கியார் பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் நடக்கிறார். இயேசுவோடு சிலுவையில் அறையப்பட்ட இரு கள்ளரில் ஒருவன், வாழ்நாளெல்லாம் கொள்ளையடித்தவன், கடைசி நேரத்தில் ஒரு வார்த்தை சொன்னான், பரதீசு என்னும் விண்ணுலகம் கிடைத்தது, உங்களுக்கும் கிடைக்கும் என்பார். அதில் பிழையில்லை. ஆனால் அந்தக் கதையில் பாதியைத்தான் சொல்கிறார் என்பது எனக்கு நெடுநாளாக உள்ள மனக்குறை.

மனந்திரும்பிய கள்ளனைப் பற்றி நற்செய்தி நூல்களை எழுதியவர்களில் லூக்கா மட்டுமே எழுதியிருக்கிறார். கள்ளர் இருவருமே இயேசுவை நிந்தித்தார்கள் என்பதோடு மத்தேயுவும் மாற்கும் நிறுத்திக்கொள்கிறார்கள். லூக்காவில் அந்த மனிதன் எடுத்த எடுப்பில் இரக்கம் கேட்கவில்லை. தன் கூட்டாளியைக் கடிந்துகொண்டு, ‘நாமோ நியாயப்படி தண்டிக்கப்படுகிறோம்’ என்று தீர்ப்பை ஒப்புக்கொள்கிறான். அதன் பிறகே ‘அடியேனை நினைத்தருளும்’ என்று வேண்டுகிறான். தப்புவிக்கச் சொன்னவன் மற்றவன். பரதீசு வாக்களிக்கப்பட்டவனும் சிலுவையிலேயே இருந்தான். அன்று போர்ச்சேவகர் வந்து இருவருடைய கால் எலும்புகளையும் முறித்ததை யோவான் 19ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். பாவம் மன்னிக்கப்பட்டது, ஆனால் தண்டனை ரத்தாகவில்லை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் அறிந்த ஒரு சபையில், பொறுப்பில் இருந்த ஒருவர் ஒரு விதவைத் தாயாரின் சேமிப்பைக் கையாடிவிட்டார். விஷயம் வெளியே வந்ததும், ஞாயிறு ஆராதனையில் கண்ணீரோடு சாட்சி சொன்னார். ஆண்டவர் தம்மை மன்னித்துவிட்டதாகவும் அறிவித்தார். அடுத்த வாரத்திலிருந்து குற்றவாளிக் கூண்டில் நின்றது அந்தத் தாயார்தான். ‘ஆண்டவரே மன்னித்த பிறகு நீங்கள் காவல்நிலையத்துக்குப் போகலாமா?’ என்று கேட்டவர்களில் என் உறவினரும் உண்டு. பணத்தைத் திருப்பிக் கொடுப்பது பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

லூக்கா சொல்லும் வரி வசூலிப்பவனான சகேயு இந்தக் கேள்விக்கு எப்போதோ விடை சொல்லிவிட்டான். ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய், அதாவது நான்கு மடங்காய், திரும்பச் செலுத்துகிறேன் என்று எழுந்து நின்று இயேசுவிடம் சொல்கிறான். ‘இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது’ என்ற வாக்கு அதற்குப் பின்புதான் வருகிறது. கள்ளனுக்குச் சொன்னதும் ‘இன்றைக்கு’ என்றே தொடங்குகிறது. ஆணியடிக்கப்பட்ட கைகளால் எதையும் திருப்பிக் கொடுக்க இயலாது. பணப்பெட்டியைத் திறக்கக்கூடிய கைகளுக்கு அந்தச் சாக்கு செல்லாது. கத்தோலிக்கரின் ஒப்புரவு அருளடையாளத்தில் பாவமன்னிப்போடு பரிகாரமும் சேர்ந்தே வருகிறது. பரிகாரத்தால் இரட்சிப்பு வராது என்று சீர்திருத்தச் சபையினராகிய நாம் சரியாகவே வாதாடினோம். ஆனால் வாதாடிய வேகத்தில் திருப்பிக் கொடுக்கும் வழக்கத்தையும் சேர்த்துத் தொலைத்துவிட்டோமோ என்று எனக்குத் தோன்றுகிறது.

11ஆம் நூற்றாண்டின் இறுதியில் கான்டர்பரி பேராயராக இருந்த ஆன்செல்ம் இதையே வேறு விதமாகக் கேட்டார். ஈடுசெய்யப்படாமலும் தண்டிக்கப்படாமலும் பாவம் சும்மா விடப்பட்டால், பாவம் செய்தவனும் செய்யாதவனும் கடவுள் முன் ஒன்றாகிவிட மாட்டார்களா என்பது அவர் வாதம். கடவுளின் மாண்புக்கு நேர்ந்த இழுக்கு என்று அவர் விவரிக்கும் இடங்களில் அக்காலத்து நிலப்பிரபுவின் வாடை வீசுகிறது. அதை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. ஆனாலும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. சிலுவையின் பொருளே கடவுள் பாவத்தைக் கண்டும் காணாமல் விட்டுவிடவில்லை என்பதுதானே?

1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூர் கிராமத்தில், வாகனத்துக்குள் உறங்கிக்கொண்டிருந்த ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்சும் அவருடைய இரு சிறு மகன்களும் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். அவருடைய மனைவி கிளாடிஸ் கொலையாளிகளை மன்னித்ததாக அறிவித்தார். பாரிபதாவில் தொழுநோயாளிகளுக்கான பணியையும் தொடர்ந்தார். நம் மேடைகளில் இதை அடிக்கடி கேட்கிறோம். மன்னிப்பு வேறு, சட்டம் தன் வழியில் செல்வது வேறு என்று அவர் பிரித்துப் பார்த்ததைத்தான் கேட்பதில்லை. வழக்கு நடந்தது, 2003இல் முதன்மைக் குற்றவாளிக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது, 2005இல் உயர்நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது, 2011இல் உச்சநீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அவருடைய மன்னிப்பு இதனால் ஒரு துளியும் குறைந்துவிடவில்லை.

நியாயத்தீர்ப்பு என்றாலே நமக்கு அச்சம்தான் வருகிறது. அநியாயம் செய்யப்பட்டவர்களுக்கு அது நம்பிக்கை. அந்தக் கள்ளனிடம் பொருளைப் பறிகொடுத்தவர்களைப் பற்றி லூக்கா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கொல்லப்பட்டவர்களின் ஆத்துமாக்கள் பலிபீடத்தின் கீழிருந்து ‘எதுவரைக்கும்?’ என்று மகா சத்தமாய்க் கேட்பதை வேதாகமத்தின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷத்தின் 6ஆம் அதிகாரம் காட்டுகிறது. பரலோகத்தில் இருந்துகொண்டே நியாயம் கேட்கிறார்கள். மன்னித்துவிடுங்கள் என்று அங்கே யாரும் அவர்கள் வாயை அடைக்கவில்லை. ஆளுக்கொரு வெள்ளை அங்கி கொடுத்து, இன்னும் கொஞ்சக்காலம் இளைப்பாறச் சொல்கிறார்கள்.